காவலூர் 1977: பார்த்தவர்களும் பெயரிட்டவர்களும்

1977இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும், 55 மொழிகளில் வாழ்த்துகள் பதிந்த தங்க முலாம் தட்டு ஒன்று போகிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. இதை மேடையில் சொல்லிப் பாருங்கள், கைதட்டல் நிச்சயம். தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் நானும் ஆவேசமாகச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது கேட்கத் தோன்றுவது வேறு. வாயேஜர்-2 பின்னால் போய்ச் சேர்ந்த யுரேனஸின் வளையங்களைக் கண்ட கதையில் ஜவ்வாது மலைக் காவலூருக்கும் ஒரு பங்கு உண்டே, அதைப் பற்றி நம் மேடைகள் ஏன் வாய் திறப்பதில்லை?

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைத்துக் கடக்க இருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே ஒளி சட்டென்று சில விநாடி மங்கி மீண்டது. யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே வேளையில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானத் தொலைநோக்கியில் ஜேம்ஸ் எலியட், டன்ஹம், மிங்க் மூவரும் அதே நட்சத்திரத்தைப் பதிவுசெய்தார்கள். மறைப்புக்கு முன் விழுந்த மங்கல்கள், மறைப்புக்குப் பின் மறுபக்கத்திலும் அதே தூரங்களில் விழுந்திருந்தன. ஆகவே வளையங்கள். வரலாறு அவர்கள் பெயரில் பதிவானது.

வெள்ளைக்காரன் அமுக்கிவிட்டான் என்று இதை முடித்துவிடுவது சுலபம். அது பொய்யும்கூட. திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கும் எந்த அக்காவைக் கேட்டாலும் விளக்கிவிடுவார். துணியில் ஒரு ஓட்டை என்றால் அந்த இடத்தில் நூல் அறுந்திருக்கலாம். அதே நேரில் நெடுகக் கோடு விழுந்திருந்தால்தான் ஊசி உடைந்தது என்று மெஷின்காரரைக் கூப்பிடுவார். காவலூரில் முதலில் கண்டது ஒரு ஓட்டை. எலியட் குழு கண்டது திரும்பத் திரும்ப வருகிற ஒழுங்கு. கோளின் நிழல் விழும் இடத்துக்கே அவர்களால் பறந்து போக முடிந்தது. காவலூர் இருந்த இடத்தில்தான் இருந்தது. வசதியில் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வு சதி அல்ல. ஆனால் அறிவின் வரலாற்றை அது தீர்மானிக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காவலூர்க்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்கள் பதிவையே மறுபடி துருவி, பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே ஆண்டில் வளைய அமைப்பு என்று எழுதினார்கள்.

1986 ஜனவரி 6இல் காவலூர் ஆய்வகத்துக்கு, 1982இல் மறைந்த வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. பதினெட்டே நாளில், ஜனவரி 24இல், வாயேஜர்-2 யுரேனஸின் மேகங்களுக்குச் சுமார் 81,500 கி.மீ. அருகில் கடந்தது. முன்பே தெரிந்த 9 வளையங்களோடு இன்னும் இரண்டையும், பத்துப் புதிய துணைக்கோள்களையும் காட்டியது. நான்காம் நாள் சேலஞ்சர் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். யுரேனஸ் செய்தி அதில் அமுங்கிப்போனது. அதற்குப் பின் இன்றுவரை எந்தக் கலமும் அங்கே போகவில்லை.

அந்த வருசம் இதெல்லாம் திருப்பூரில் பேசப்பட்டதா என்று பனியன் கம்பெனியில் டைலராக இருந்த என் அப்பாவிடம் கேட்டேன். "அப்ப யாரு கண்ணு வானத்தப் பாத்தா? பஞ்சப்படிக்காக ஸ்ட்ரைக் பண்ணி முடிச்சு, கடன அடச்சிட்டிருந்தோம்" என்றார். அவர் சொன்னது 1984இன் 127 நாள் வேலைநிறுத்தம். அதற்குப் பின் கம்பெனிகள் சிறு சிறு யூனிட்டுகளாக உடைந்தன, வேலை பவர் டேபிள்களுக்குச் சிதறியது, சங்கம் கூடுவது கடினமானது. பார்த்தவர்கள் தொழிலாளர்கள். ஆனால் பெயர் வைத்தவர்கள் வேறு ஆட்கள். 'ஏற்றுமதிச் சாதனை' என்று வைத்தார்கள். அந்தப் பெயருக்குள் 127 நாள் இல்லை.

தட்டில் தமிழ் இல்லாத குறையைச் சொல்லிக் கைதட்டு வாங்குவதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: நாம் எதையும் செய்ய வேண்டியதில்லை. காவலூரிடம் கற்க வேண்டியது, தன் பதிவைத் தானே மறுபடி திறந்து பார்த்த அந்தக் காரியத்தைத்தான். வேலைநிறுத்தக் காலத்துச் சந்தா ரசீதுகளும் துண்டறிக்கைகளும் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் கிடக்கின்றன. இன்னும் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றனவோ. அவற்றைத் திறக்க நமக்கு விமானம் தேவையில்லை.