கேடகாவின் முக்தி இல்லம்

பம்பாயிலிருந்தோ புனாவிலிருந்தோ சென்னைக்கு இரயில் ஏறும் நம்மவர், தௌண்டு சந்திப்பை அடைவதற்குச் சற்று முன்னர், கேடகாவ் என்னும் சிறு நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். விரைவு வண்டிகளுட் பல அங்கே நிற்பதில்லை. சாளரத்தின் வழியே நோக்குவார்க்குக் கரும்பு வயல்களும் சில மரங்களும் தோன்றி மறையும். அதே பாதையில் தெற்கு நோக்கிச் சென்றால் இராய்ச்சூர் வரும்; அதற்கு அப்பால், திருப்பதிக்குப் பிரியும் இரேணிகுண்டா வரும். ஊருக்குச் செல்லும் மகிழ்ச்சியில் நாம் ஓர் இரவிலும் பகலிலும் கடந்துவிடும் இந்நெடுவழியில், ஒரு பெண்மணியின் வாழ்க்கை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. திருப்பதிக்கு அருகில் தந்தையையும், இராய்ச்சூரில் தாயையும் இழந்தவர் அவர். பின்னாளில் கேடகாவில், பஞ்சத்தில் ஒதுக்கித் தள்ளப்பட்ட பெண்களுக்கென்று ஓர் ஊரையே எழுப்பினார். பண்டித ரமாபாய் என்பது அவர் பெயர்.

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டகத்தே பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே, வடமொழியிற் பெரும்புலமை வாய்ந்தவர். பெண்டிர்க்கு வடமொழி கற்பித்தல் ஆகாது என்று ஊரார் கூறியதைக் கேளாமல், அவர் தம் மனைவி இலக்குமிபாய்க்கு அதனைக் கற்பித்தார். அத்தாயே மகளுக்கு ஆசானாக அமைந்தார். வந்தவர்க்கெல்லாம் சோறிட்டுச் செல்வம் கரைந்தபின், குடும்பம் தலந்தோறும் நடந்து, கோயில் மண்டபங்களிலும் குளக்கரைகளிலும் புராணம் படித்து, கேட்போர் அளித்ததைக் கொண்டு வாழ்ந்தது. தென்னாட்டுத் தலங்களையும் அவர்கள் கால்நடையாகவே சுற்றினர்.

தாது வருஷத்துப் பெரும்பஞ்சத்தை நம் பாட்டிமார் கதையாகக் கூறக் கேட்டிருக்கிறோம். அதற்குச் சற்று முன்னரே, சென்னை மாகாணத்தின் வறண்ட பகுதிகளில் பஞ்சம் தலைகாட்டிவிட்டது. புராணம் கேட்பார் இல்லை. கேட்பார் இருந்தாலும் கொடுப்பதற்கு அவர்களிடம் தானியம் இல்லை. கூலி வேலை செய்யவோ பிச்சை எடுக்கவோ அக்குடும்பத்தார் பழகியவரல்லர். எஞ்சியிருந்த பாத்திரங்களை விற்றுத் தின்றபின், திருப்பதியை அடுத்த காட்டுக்குள் சென்று, பதினொரு நாள் இலைகளையும் தண்ணீரையுமே உட்கொண்டு சாவை எதிர்நோக்கி இருந்தனர் என்று ரமாபாயே பிற்காலத்தில் எழுதியுள்ளார். முதுமையில் கண்ணொளி இழந்திருந்த தந்தை, புனிதக் குளத்தில் மூழ்கி உயிர்விடத் துணிந்தார். மகன் அதனைத் தடுத்து, கூலி வேலையேனும் செய்து காப்பாற்றுவேன் என்றான். ஆயினும் தந்தை நெடுநாள் இருக்கவில்லை. 1874-இல் அவர் இறந்தார். சில மாதங்களில் தாயும், பின்னர்த் தமக்கையும் மறைந்தனர்.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் நாட்டின் வடகோடி வரை நடந்தனர். போர்வையின்றிக் குளிரில் வாடிய இரவுகளில், ஆற்று மணலைத் தோண்டிக் கழுத்தளவு புதைந்து, காய்ந்த மணலை மேலே மூடிக்கொண்டு உறங்கினராம். 1878-இல் அவ்விருவரும் கல்கத்தாவை அடைந்தபோது, இருபது வயதுப் பெண் வடமொழியிற் பேசுவதைக் கேட்ட அறிஞர்கள் வியந்து, ‘பண்டிதா’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் வழங்கினர். அப்புகழ் துன்பத்தைத் தடுத்துவிடவில்லை. 1880-இல் அண்ணன் டாக்காவில் இறந்தார். அவ்வாண்டிலேயே விபின் பிஹாரி தாஸ் என்னும் வங்காளி வழக்கறிஞரைச் சாதி வேறுபாடு கருதாது ரமாபாய் மணந்தார். 1882 பிப்ரவரியில் காலரா அவரையும் கொண்டு சென்றது. இருபத்து மூன்று வயதில், கையில் மனோரமா என்னும் பச்சைக் குழந்தையோடு ரமாபாய் தனித்து நின்றார்.

அவர் கிறிஸ்து மதத்தைச் சார்ந்ததைப் பற்றிப் பலவாறு பேசப்படுகிறது. ஆசை காட்டி மாற்றினர் என்று கூறுவாரும் உளர். ஒரே நாளில் ஒளி பெற்றார் என்று கூறுவாரும் உளர். இரண்டும் உண்மைக்குப் பொருந்துவனவாக நமக்குத் தோன்றவில்லை. கணவரது நூலகத்தில் கிடந்த லூக்கா சுவிசேஷத்தின் வங்காளிப் படியை அவர் சில்சாரிலேயே படித்திருந்தார். கணவர் அதனை விரும்பவில்லை. மருத்துவம் பயிலும் எண்ணத்தோடு 1883-இல் இங்கிலாந்து சென்றார். காது மந்தமானமையால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. அங்கே வாண்டேஜ் என்னும் ஊரில் ஆங்கிலிகன் கன்னியர் மடத்தில் தங்கினார். அம்மடத்தார் இலண்டன் நகரின் ஃபுல்ஹம் பகுதியில் நடத்திய இல்லத்தைக் காண அவரை அனுப்பினர். வழி தவறியவர் என்று உலகம் கைவிட்ட பெண்கள் அங்கே இருந்தனர். அவர்களுள் சிலர் திருந்தியதோடு நில்லாமல், தம்மைப்போற் கெட்டவர்க்குத் தாமே தொண்டு செய்துகொண்டிருந்தனர். இது ரமாபாய்க்குப் பெருவியப்பாக இருந்தது. தாம் அறிந்த சாத்திரங்கள் அத்தகைய பெண்ணுக்குத் தண்டனையை வகுத்தனவே அன்றி, மீள வழி கூறக் கண்டதில்லை என்று அவர் எழுதினார். இவர்களிடம் இத்துணைப் பரிவு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்க, ஒரு கன்னியர் யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார்.

நண்பகல் வேளை, கிணற்றடி. ஊரார் ஏசிய சமாரியப் பெண் ஒருத்தி தண்ணீர் மொள்ள வருகிறாள். களைத்துப்போய் அமர்ந்திருக்கும் இயேசு, அவளிடமே குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் வாழ்க்கை முழுவதையும் அறிந்தவராயினும் அவளை இகழாது உரையாடுகிறார். அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி அனைவரையும் அழைக்கிறாள். குடும்பம் குடும்பமாகக் குளக்கரைகளில் புராணம் படித்து வளர்ந்த ரமாபாய்க்கு, கிணற்றடியில் நிகழ்ந்த இக்கதை எத்துணை அணுக்கமாகத் தோன்றியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 1883 செப்டம்பர் 29-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

பெற்றபின்னும் அவர் எவர் கைக்கும் அடங்கியவரல்லர். திருச்சபைப் பெரியோர் வகுத்தபடியே நம்பவேண்டும் என்றபோது, மனச்சாட்சியை எவருக்கும் ஒப்படைக்க இயலாது என்று கடிதங்களில் வாதாடினார். மதத்தைக் கண்டோமே அன்றிக் கிறிஸ்துவைக் காணவில்லை என்று, ஞானஸ்நானம் பெற்று எட்டாண்டுகள் கழிந்தபின்னர் உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

1887-இல் அமெரிக்காவில் வெளிவந்த அவரது ஆங்கில நூல், உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையை உலகுக்கு உரைத்தது. பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் தோன்றி, பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி அளிக்க முன்வந்தது. அதனைக் கொண்டு 1889 மார்ச் 11-இல் பம்பாயில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது புனாவுக்கு மாறியது. விதவைகள் கல்வி பயில்வதற்கான அவ்வில்லத்தில் முதல் விதவை மாணவியாகச் சேர்ந்தவர் கோதுபாய். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. 1893-இல் தோண்டோ கேசவ கார்வே அவரை மணந்தார். விதவை மணம் என்பதற்காக அவ்விருவரையும் ஊரார் விலக்கி வைத்தனர். பெண் கல்விக்குப் பேருழைப்புச் செய்து 1958-இல் பாரத ரத்னா விருது பெற்ற கார்வே அவரே.

அதே 1893-இல் புனாவில் பெரும்புயல் எழுந்தது. மதத்தில் தலையிடுவதில்லை என்று வாக்களித்த இல்லத்தில், பெண்கள் ரமாபாயின் பிரார்த்தனையில் கலந்துகொள்கின்றனர் என்று திலகரின் ‘கேசரி’ கண்டித்தது. ஆலோசகராக இருந்த ரானடேயும் பண்டார்க்கரும் விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். கதவைத் திறந்து வைத்து வழிபட்டதே எம் குற்றமா என்பது ரமாபாய் தரப்பு வாதம். எதிர்த்தோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் நாம் கூறமாட்டோம். இல்லத்துப் பெண்களுட் சிலர் கிறிஸ்தவராயினர் என்பது மெய்யே. எனினும், அப்பெண்களை விதவைகள் என்று மூலையில் ஒதுக்கியிருந்த வீடுகள், அவர்கள் பிரார்த்தனையில் அமர்ந்தபின்னரே அவர்களை நினைவு கூர்ந்தன என்பதையும் மறத்தற்கில்லை.

அமெரிக்கச் சங்கம் குறித்த தவணை முடியும் காலத்தை எண்ணி, பழமரங்களின் வருவாய் உதவும் என்று கேடகாவில் ரமாபாய் நிலம் வாங்கியிருந்தார். அங்கே கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்வாறு இருக்கையில், 1896-97-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் மூண்டது. செய்தி கேட்டதும் தம் இளமைக் காலத்துப் பசி அவர் கண்முன் நின்றது. நேரே அப்பகுதிகளுக்குச் சென்றார். எலும்பும் தோலுமான சிறுமியரையும், ஒரு பிடி தானியத்துக்காகத் தீயோர் கையில் சிக்கிய இளம்பெண்களையும் கண்டார். அழைத்துவந்தோர் தொகை சுமார் 300. அவர்களை எங்கே வைப்பது? புனாவில் அக்காலத்தே பிளேக் நோய் பரவியிருந்தது. ஆகவே கேடகாவின் வெற்றுநிலத்தில் கூடாரங்களும் கொட்டகைகளும் எழுந்தன. பழத்தோட்டமாக வேண்டிய இடம் முக்தி இல்லமாயிற்று.

அப்பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழ்க் கிறிஸ்தவர் இரட்சிப்பு என்றும் மீட்பு என்றும் வழங்குவர். அடகு வைத்த நகையை நாம் மீட்கிறோம். மீட்டபின் அது பழையபடி வீட்டுக்கு உரியதாகிறது. ரமாபாயோ தம் தாய்தந்தையர் தலந்தோறும் நடந்து தேடிய முக்தி என்ற சொல்லையே தம் இல்லத்துக்கு இட்டார். வடமொழிப் புலவரின் மகள் வேறு சொல் அறியாதவர் அல்லர்.

முக்தியில் இரங்கிச் சோறிடுவதோடு பணி முடியவில்லை. வந்த பெண் உடல் தேறியதும் எழுத்துக் கற்றாள். அதனுடன் நெசவோ, எண்ணெய் ஆட்டுதலோ, பால் பண்ணை வேலையோ, அச்சுக் கோத்தலோ கற்றாள். மானம் இழந்தவர் என்று விலக்கப்பட்டவர்க்குக் கிருபா சதனம் என்னும் தனி இல்லம் இருந்தது. கண்ணில்லாதவர்க்கு மனோரமா புள்ளியெழுத்துக் கற்பித்தார். 1900-இல் குஜராத்தில் பஞ்சம் வந்தபோது, முக்தியில் தேறிய பெண்களே ஊழியராகச் சென்று, ஆதரவற்ற சிறுமியரை அழைத்து வந்தனர். ஃபுல்ஹமில் ரமாபாய் கண்ட காட்சி மராத்திய மண்ணில் அவ்வாறு மீண்டும் நிகழ்ந்தது. அவ்வாண்டில் இல்லத்தார் தொகை ஏறக்குறைய 1,900 ஆயிற்று. இத்தனை வயிற்றுக்கும் அன்றாடம் தானியம் வாங்க வேண்டும், கிணறு வற்றாதிருக்க வேண்டும் என்ற கவலையில், அவருடைய பிரார்த்தனைகளிற் பெரும்பகுதி கழிந்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

வாழ்வின் இறுதிக் காலத்தில் ரமாபாய் எபிரெய மொழியும் கிரேக்க மொழியும் பயின்று, விவிலியம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். முன்னிருந்த மொழிபெயர்ப்பில் வடமொழி மிகுந்திருந்தமையால் எழுத்தறிவு குறைந்த பெண்களுக்கு அது விளங்கவில்லை என்பது அவர் கருத்து. ‘சரஸ்வதி’ பட்டம் பெற்றவர், பஞ்சத்தில் வந்த சிறுமிக்குப் புரியும் சொல்லைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அந்நூலை முக்தி அச்சகத்தில் அப்பெண்களே அச்சுக் கோத்தனர்.

தமக்குப்பின் இல்லத்தை நடத்துவார் என்று அவர் நம்பியிருந்த மனோரமா 1921-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ரமாபாயும் கண்மூடினார். மராத்தி விவிலியம் 1924-இல் வெளிவந்தது. 1989-இல் இந்திய அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த தலையை வெளியிட்டது.

முக்தி இல்லம் இன்றும் நடைபெறுகிறது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் அங்கே வாழ்கின்றனர். விரைவு வண்டியில் ஊருக்குச் செல்பவர் அதனைக் காண்பது அரிது. புனாவிலிருந்து தௌண்டு செல்லும் பாசஞ்சர் வண்டி கேடகாவில் நிற்கும்.