லினக்ஸ் சர்வர் வன்பொருள் கண்காணிப்பு

லினக்ஸ் சர்வர் ஒன்றின் வெப்பநிலை, விசிறி வேகம், மின்னழுத்தம், வட்டுகளின் நலம் ஆகியவற்றை வலையமைப்பு வழியே வேறொரு கணினியிலிருந்து இடைவிடாது கவனிக்கும் ஏற்பாடு.

அமைக்கும் முறை: முதலில் எல்எம்-சென்சார்ஸ் மென்பொருளை நிறுவி, ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ கட்டளையால் தாய்ப்பலகையின் உணரிகளைக் கண்டறிய வேண்டும். லினக்ஸ் கெர்னல் வெப்பத்தை டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறிக்கிறது. 45000 என்றால் 45 டிகிரி செல்சியஸ். இந்த அளவுகளை வலையமைப்பு மேலாண்மைக்கான எஸ்என்எம்பி சேவை, யூடிபி 161ஆம் போர்ட் வழியே கண்காணிப்புக் கணினிக்குத் தருகிறது. உபுண்டுவில் இச்சேவை தொடக்கத்தில் அதே சர்வரிலிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டுமே பதில் தரும். அதன் முகவரி அமைப்பை மாற்றினால்தான் வெளியிலிருந்து அணுகலாம். கடவுச்சொல் சரிபார்ப்பும் மறையாக்கமும் உள்ள எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பே பாதுகாப்பானது.

ஐபிஎம்ஐ: 1998இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி நிறுவனங்கள் வெளியிட்ட வன்பொருள் கண்காணிப்புத் தரநிலை. தாய்ப்பலகையிலுள்ள தனிச் சில்லின் துணையால், இயங்குதளம் முடங்கினாலும் தகவல் தரும்.

பினாங்கு (மலேசியா): ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஜார்ஜ் டவுன் நகரில், குளிரூட்டி நின்றால் சர்வர் அறை விரைவில் சூடேறும். ஆகவே வெப்பநிலை உயர்ந்ததும் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு இங்கு மிக இன்றியமையாதது.