செஞ்சிப் படிகளும் வேலூர்ச் செருப்பும்

செஞ்சியில் ராஜகிரி ஏறினால் மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். படி இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் மூட்டில் விழுகிறது. இந்தக் கணக்குதான் விளையாட்டுப் பொறியியலுக்கும் உயிர்மருத்துவப் பொறியியலுக்கும் பொது.

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம் என்று நினைப்பவர்கள் சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வேலூர் வரை போய்வரலாம். 1946ல் அங்கே சி.எம்.சி.க்கு வந்தார் எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்றுதான் அப்போது நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. கல் குத்தினால் நாம் நொண்டுவோம், பாரத்தை வேறு பக்கம் மாற்றுவோம். உணர்ச்சி மரத்தவருக்கு வலிக்காது. புண்பட்ட இடத்திலேயே மிதித்து நடப்பார். பிறகு புண் எப்படி ஆறும்?

மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவையால் அவர் இயங்க வைத்தார். ஆனால் காலுக்குத் தேவைப்பட்டது கத்தி அல்ல, செருப்பு! பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு. மருத்துவர், செருப்புத் தைப்பவர், ரப்பர் தெரிந்தவர் என்று பல கைகள் சேர்ந்த வேலை அது. ஆக, பட்டம் வருவதற்கு முன்பே தொழில் வந்துவிட்டது.

அங்கேயே பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு மையமும் உருவானது.

விளையாட்டுப் பக்கம் கதை அமெரிக்காவில் திரும்பியது. 1976ல் நீர்ச்சறுக்கு விபத்தில் பாதத்தை இழந்த கல்லூரி மாணவர் வான் பிலிப்ஸ், கொடுத்த செயற்கைப் பாதம் பிடிக்காமல் செயற்கை உறுப்புத் துறையையே படித்தார். 1980களில் கார்பன் இழையில் வளைந்த கால் செய்தார். பாராலிம்பிக் ஓட்டக்காரர்களின் பிளேடு அதன் வாரிசு. 2022ல் சென்னை ஐ.ஐ.டி. 'கடம்' என்ற உள்நாட்டுச் செயற்கை முழங்காலைக் கூட்டாளிகளுடன் வெளியிட்டது.

சரி, வேலை? விளையாட்டு அணிகளோடு நிற்கும் வேலைகள் இங்கே மிகக் குறைவு. பி.இ. முடித்தவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது மருத்துவமனைக் கருவிகளின் பராமரிப்பு, அல்லது விற்பனை. கணிதத்தை விட்டுவிட்டு உயிரியலை மட்டும் நம்பி வந்தால் திணறத்தான் வேண்டும். செயற்கைக் காலை அளந்து பொருத்தும் ஆசை உள்ளவருக்குத் தனிப் படிப்பே இருக்கிறது. பெயர் பி.பி.ஓ. கால் சென்டர் என்று நினைத்து வீட்டில் பயந்துவிட வேண்டாம்.