கலைவழி உளச்சிகிச்சை

ஓவியம், களிமண் உருவம், இசை, நடனம், நாடகம், எழுத்து ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ கைக்கொண்டு, மனத்துயரில் இருப்பவர் தம் உணர்வுகளை வெளியிடவும் அவற்றைத் தாங்கும் வலுவைப் பெறவும் துணைநிற்கும் உளவளத்துணை முறை கலைவழி உளச்சிகிச்சை எனப்படும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் முன்னிலையில், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் இது நடைபெறும். வருபவருக்குக் கைத்திறன் தேவையில்லை. படத்தின் அழகுக்கு மதிப்பெண்ணும் இல்லை. போரையும் வன்முறையையும் கண்ட குழந்தைகள், நெடுநாள் மனநோயாளிகள், மறதிநோய் கண்ட முதியவர்கள், புற்றுநோய் போன்ற கடும்நோய்க்கு ஆளானவர்கள் எனப் பேச்சு எட்டாத இடத்தில் துயரைச் சுமப்பவர்களுக்கு இம்முறை பெரிதும் உதவுகிறது.

தோற்றமும் முன்னோடிகளும்

மனநோயாளிகள் வரைந்தவை கவனிக்கத் தக்கவை என்ற எண்ணத்தை ஐரோப்பாவில் பரப்பியவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன். ஹைடெல்பெர்க் மனநல மருத்துவமனையில் பணியாற்றியபோது பல மருத்துவமனைகளிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களைத் திரட்டி, 1922இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓவியர்கள் அதைக் கொண்டாடினர். வரைந்தவர்களுக்கோ அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. அந்நூலில் மாற்றுப்பெயரில் இடம்பெற்ற பிரான்ஸ் காரல் பியூலர் 1940இல் நாஜி அரசின் நோயாளிக் கொலைத் திட்டத்தில் கொல்லப்பட்டார். படத்தைச் சேகரிப்பது வேறு, வரைபவரைப் பேணுவது வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இத்துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரித்தானிய ஓவியர். முதல் உலகப்போரின் களங்களை வரைந்தவர். 1938இல் காசநோய் கண்டு சசெக்ஸ் மாவட்டம் மிட்ஹர்ஸ்ட் காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள்களை வரையத் தொடங்கினார். வரைதல் தம் உடல் தேறவும் உதவியதாக நம்பினார். பின்னர் அதே மருத்துவமனையில் மற்ற நோயாளிகளுக்கும் போரில் காயமுற்றவர்களுக்கும் வரையக் கற்றுக்கொடுத்தார். 1942இல் இம்முறைக்குப் பெயரிட்டு, 1945இல் நூலாகவும் எழுதினார்.

அடுத்த ஆண்டே எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் சர்ரே மாவட்டத்து நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் நடத்த அமர்த்தப்பட்டார். மருத்துவர்கள் எதிர்பார்த்தது நோயை ஆராய உதவும் படங்களை. ஆடம்சன் நோயாளிகளுக்கு எதையும் வரையச் சொல்லித்தரவில்லை, வரைந்ததற்குப் பொருளும் கூறவில்லை. தாளும் வண்ணமும் தந்து அருகில் இருந்தார். 1981 வரை அங்கே பணியாற்றினார். அக்கூடத்தில் உருவானவற்றுள் எஞ்சிய சில ஆயிரம் படங்கள் இன்று லண்டன் வெல்கம் தொகுப்பில் உள்ளன.

முன்னோடிகளுள் தலையாயவர் பிரேசில் நாட்டு மருத்துவர் நீஸி ட சில்வேரா (1905–1999). 1926இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது தம் வகுப்பில் அவர் ஒருவரே பெண். 1936இல் இடதுசாரிக் கருத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். 1944இல் அரசுப் பணிக்குத் திரும்பி, ரியோ டி ஜெனிரோவின் எஞ்ஜென்யோ டி டென்ட்ரோ பகுதியில் இருந்த மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மின்னதிர்ச்சி, இன்சுலின் மயக்கம், மூளை நரம்பறுவை ஆகியவை அங்கே அன்றாடச் சிகிச்சைகளாக இருந்தன. மின்பொத்தானை அழுத்த அவர் மறுத்தார். அதனால் யாரும் பொருட்படுத்தாத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு அவரிடம் தள்ளப்பட்டது. நோயாளிகளைத் தரை துடைக்கவும் துணி துவைக்கவும் விட்டிருந்த அப்பிரிவில் 1946இல் ஆல்மிர் மாவிக்னியர் என்ற இளம் ஓவியரின் துணையோடு ஓவியக்கூடத்தைத் திறந்தார். ஆண்டுக்கணக்கில் வாய் திறவாதிருந்தவர்கள் அங்கே வரைந்தனர். தையல் வேலை செய்த தாயின் மகனான ஃபெர்னாண்டோ டினிஸ், எமீஜியோ டி பாரோஸ் முதலியோரின் ஓவியங்களைப் பிரேசிலின் கலைத் திறனாய்வாளர்கள் வியந்து எழுதினர்.

அப்படங்களில் வட்ட வடிவக் கோலங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்ட நீஸி, 1954இல் அவற்றின் நிழற்படங்களை உளவியலாளர் கார்ல் யுங்குக்கு அனுப்பினார். சிதறிய மனம் தானே ஒழுங்கைத் தேடும் முயற்சி அது என்பது இருவரும் ஏற்ற விளக்கம். 1957இல் சூரிக் நகரில் நடந்த உலக உளமருத்துவ மாநாட்டில் இப்படங்களின் கண்காட்சியை யுங் திறந்துவைத்தார். 1952இல் நீஸி நிறுவிய ஆழ்மனப் படிமங்களின் அருங்காட்சியகத்தில் இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. மருத்துவமனையில் திரிந்த நாய்களையும் பூனைகளையும் அவர் நோயாளிகளிடம் ஒப்படைத்து வளர்க்கச் செய்தார். அவற்றைத் தம் உடன்பணியாளர்கள் என்றே கருதினார்.

தெரேசின்

வியன்னாவில் 1898இல் பிறந்து வைமார் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1942 டிசம்பரில் நாஜிகளின் தெரேசின் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அனுமதிக்கப்பட்ட மூட்டையில் ஓவியப் பொருள்களை எடுத்துச் சென்று, அங்கிருந்த யூதக் குழந்தைகளுக்கு மறைவாக வகுப்பு நடத்தினார். பயன்படுத்திய படிவத்தாள்களின் பின்புறமும் அவர்களுக்கு வரைதாள் ஆயிற்று. ஒவ்வொரு படத்திலும் குழந்தையைத் தன் பெயர் எழுதவைத்தார். 1944 அக்டோபரில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். அங்கே அனுப்பப்படுமுன் இரு பெட்டிகளில் மறைத்த ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராகாவில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் உயிர்பிழைக்கவில்லை.

இவரிடம் பயின்ற ஈடித் கிரேமர் 1938இல் அமெரிக்கா சென்று, நியூயார்க் மாநிலத்தில் மனச்சிக்கலுக்கு ஆளான சிறுவர்களுக்கான வில்ட்விக் பள்ளியில் பணியாற்றினார். உருவாக்கும் செயலே ஆற்றுகிறது என்பது அவர் கொள்கை. அவருக்கு முன்பே நியூயார்க்கில் பணிசெய்த மார்கரெட் நாம்பர்க், படத்தை ஆழ்மனத்தின் பேச்சாகக் கொண்டு, வரைந்தவரே அதற்கு விளக்கம் சொல்லும் உளப்பகுப்பாய்வு வழியை வகுத்தார். இரு மரபுகளும் நெடுங்காலம் முரண்பட்டன. விளக்கம் சொல்ல மனம் வராதவரும் வரைந்து ஆறுதல் பெறுவதால் கிரேமரின் கொள்கையே அடிப்படையானது.

செயல்படும் முறை

உணர்வு தாளுக்கு வந்ததும் வரைந்தவருக்கும் அதற்கும் இடையே சற்று இடைவெளி உண்டாகிறது. நேராகச் சொல்லக் கூசுவதைப் படத்தைக் காட்டிச் சொல்லலாம். மடித்து வைக்கலாம், கிழிக்கலாம், அடுத்த வாரம் மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். பொருள்களின் தன்மையும் முக்கியம். பென்சில் கைக்குள் அடங்கும், நீர்வண்ணம் தன்போக்கில் ஓடும், களிமண் அடியையும் பிசைவையும் தாங்கும். கடும் அதிர்ச்சிக்கு உள்ளானவரிடம் முதல் நாளே நிகழ்ந்ததை வரையச் சொன்னால் பழைய பயம் பெருக்கெடுக்கும். ஆகவே அடங்கும் பொருள்களோடும் பாதுகாப்பான இடத்தின் படத்தோடும் தொடங்குவது நன்று. கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் சினம் என்று அகராதி வைத்துப் படம் பார்ப்பது தவறான பழக்கம். ஒரே கறுப்பு ஒருவருக்கு இரவு, மற்றொருவருக்குத் தாயின் கூந்தல்.

லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்டு 1929 முதல் வளர்த்த மணல்தட்டு முறை, ஜேக்கப் மொரேனோவின் உளநாடகம், வாஷிங்டனில் மேரியன் சேஸ் 1942இல் தொடங்கிய நடனச் சிகிச்சை ஆகியவை கலைவழி உளச்சிகிச்சையின் கிளைகள். துயர நினைவை நாள்தோறும் சில நிமிடம் எழுதும் முறையை ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980களில் ஆராய்ந்தார்.

இலங்கையில்

உள்நாட்டுப் போர்க்காலத்தில் 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தோன்றியது. கனடிய ஓவியர் பால் ஹோகன், உளவளத்துணையில் தேர்ந்த இயேசுசபைத் துறவி பால் சற்குணநாயகம் ஆகியோர் இதற்கு முன்நின்றனர். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் குழந்தைகள் பேருந்தில் அழைத்துவரப்பட்டு, மாதக்கணக்கில் வாரந்தோறும் ஒன்றாக மண் பிசைந்து, வண்ணம் தீட்டி, கதை கட்டி, நாடகமாடினர். போரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கதையில் அது தானாக வந்தபோது கேட்டுக்கொண்டனர். ஒருவரையொருவர் அஞ்சிய ஊர்களின் பிள்ளைகள் ஒரே தோட்டத்தில் விளையாடினார்கள் என்பது அன்றைய மட்டக்களப்பில் சிறிய செய்தி அல்ல. யாழ்ப்பாணத்தில் நாடகக் கலைஞர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து போர்க்காலத் துயரை அரங்கின் வழி அணுகினர்.

ஆய்வும் இன்றைய நிலையும்

2012இல் பிரிட்டனில் 417 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் குழு ஓவியச் சிகிச்சையால் கூடுதல் பயன் காணப்படவில்லை. குழுவில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் ஒழுங்காக வராததால் இதைச் சிகிச்சையின் தோல்வியாகக் கொள்ள இயலாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுவதை எடுத்துரைத்தது. பிரிட்டனில் ஓவிய, இசை, நாடகச் சிகிச்சையாளர் என்ற பெயர்களைப் பதிவுபெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம். இந்தியாவில் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடன இயக்கச் சிகிச்சையாளர் இடம்பெற்றுள்ளனர்.