கோயில் வாசலும் பகுத்தறிவும்

கடவுள் உண்டா, இல்லையா என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்திலேயே, பல சமயவாதிகளோடு பூதவாதியும் தன் கொள்கையைக் கூறக் காண்கிறோம். கற்றோர் அவையில் அவ்வினா தருக்கமாக எழுகிறது. உழைப்போர் வாழும் இடத்திலோ, சமயத்தால் மனிதனுக்கு விளைவது என்ன என்னும் வினாவாக அது உருமாறுகிறது. சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், கேகாலை மாவட்டத்தின் மேற்கு வாயில்போல அமைந்த ஊர் வரக்காப்பொல. அதனைச் சூழ்ந்த பகுதியின் குன்றுகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. 1876ஆம் ஆண்டில் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் பிரேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பயிர் கேகாலைக் குன்றுகளில் பெருகிற்று. விடியற் காலையில் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் தொழிலுக்கு ஆட்கள் வேண்டப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமார் அவர்களை அழைத்து வந்தனர்.

வந்தவர்க்குச் சொந்த நிலம் இல்லை. குடியிருந்த லயம் தோட்டத்துக்குரியது. நாளும் பொழுதும் துரைக்குரியவை. தமக்கென்று அவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடியதாக இருந்தது ஒன்றுதான்: மரத்தடியில் ஒரு கல்லையும் சூலத்தையும் நட்டு அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில். அம்மை நோய்க்கு அஞ்சியவர்கள் அவளிடமே முறையிட்டனர். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையின் யந்திரத்துக்குக்கூட ரோதைமுனி என்று ஒரு காவல் தெய்வத்தை அம்மக்கள் உண்டாக்கிக்கொண்டனர். திருவிழாக் காலத்தில்தான் தொழிலாளி பேரேட்டில் பதிந்த வெறும் பெயராக இல்லாது, ஊரும் உறவும் உடைய மனிதனாக நின்றான். ஆகவே அக்கோயிலை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

எனினும் அதே கோயிலுக்கு மற்றொரு முகமும் உண்டு. முதல் மரியாதை பெரிய கங்காணிக்கே உரியதாயிருந்தது. கிராமத்தில் நிலவிய சாதி வேறுபாடு கடல் கடந்து லயத்திலும் குடியேறிற்று. அது கோயில் வாசலிலும் காவல் நின்றது. கடனில் மூழ்கிய தொழிலாளி திருவிழாவுக்காக மேலும் கடன்பட்டான். ஆறுதல் தந்த இடமே அவனைத் தாழ்த்தும் இடமாகவும் இருந்தது.

இந்நிலையிலேதான் நாத்திகத்தின் குரல் இலங்கைத் தமிழரை எட்டிற்று. 1925இல் ஈரோட்டில் தொடங்கப்பெற்ற 'குடி அரசு' இதழ் கடல் கடந்தும் வாசிக்கப்பெற்றது. ஐரோப்பியச் சுற்றுப் பயணத்தை முடித்துத் திரும்பிய பெரியார் ஈ. வெ. இராமசாமி 1932ஆம் ஆண்டு அக்டோபரில் கொழும்பில் உரையாற்றினார். உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர் விலை வீழ்ந்து, வேலையிழந்த தொழிலாளர் பலர் தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பிறவியால் ஒருவனைத் தாழ்ந்தவன் என்னும் சமயத்தை அத்தாழ்ந்தவனே ஏன் சுமக்க வேண்டும் என்னும் சுயமரியாதை இயக்கத்தின் கேள்வி, லயத்து இளைஞனுக்கு விளங்காத தத்துவமன்று. அவன் அன்றாடம் கண்டதே. பின்னர் அ. இளஞ்செழியன் தலைமையில் இயங்கிய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம், சாதி ஒழிப்பையும் மலையகத் தமிழரின் உரிமையையும் இணைத்துப் பேசிற்று. 1962இல் அரசு அதனைத் தடைசெய்தது.

சிங்கள மக்களிடையே மதமறுப்பு வேறு வழியில் வந்தது. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் கொசு பெருகிற்று; மலேரியா பரவிற்று. மிகக் கொடிதாகத் தாக்குண்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. இலங்கை முழுவதிலும் சுமார் 80,000 பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. அப்பொழுது கேகாலைக் கிராமங்களில் மருந்தும் உணவும் கொண்டு சென்றவருள் மார்க்சியக் கொள்கையுடைய இளைஞர்கள் முன்னணியில் நின்றனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அதன் தலைவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா, மறு ஆண்டிலேயே கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதியில் வெற்றி பெற்று அரசாங்க சபை புகுந்தார். அவரைத் தேர்ந்தவர்கள் விகாரைக்குச் செல்வதை நிறுத்தவில்லை. நோயுற்ற காலத்தில் வாசலுக்கு வந்தவர் யார் என்பதையே அவர்கள் எண்ணிப் பார்த்தனர்.

இவ்விரு இயக்கங்களினின்றும் வேறுபட்டவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்த இவர், 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். ஓய்வு பெற்றபின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராய் விளங்கினார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் தெய்வீக ஆற்றலை நிரூபிப்பவர்க்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும் வரை அப்பரிசை வென்றார் எவருமில்லை. சூனியம், பேய் முதலிய அச்சங்களால் வருந்திய குடும்பங்களுக்கு அவர் கூறிய விளக்கங்கள் பெரிதும் உதவின. அச்சத்தைப் போக்குதல் பகுத்தறிவின் தலையாய தொண்டு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இனி, சமயத்துக்கு அரசில் இடம் யாது என்பதை நோக்குதல் வேண்டும். சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் தனிச் சலுகை வழங்கவும், ஏனையோர்க்கு இல்லாத தடையை விதிக்கவும் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பலர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அதே ருவன்வெல்லத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரிய இந்திய வம்சாவளித் தமிழர் ஒருவரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று, 1953இல் தோல்வி கண்டது. சமயத்தையும் சமூகத்தையும் காக்க எழுதிய பிரிவு அம்மக்களைக் காக்கவில்லை.

1972இல் குடியரசு அரசியலமைப்பு இயற்றப்பெற்றது. அது 29ஆம் பிரிவை நீக்கிப் பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தை வழங்கிற்று. அதனை உருவாக்கும் பொறுப்பில் இருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, சமசமாஜக் கட்சியின் முதல்வர்களுள் ஒருவர்! மதம் கடந்த அரசியலை விழைந்து தோன்றிய கட்சி, பெரும்பான்மையோரின் விருப்பத்துக்கு இவ்வாறு இணங்கிற்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அம்முதன்மையைக் காத்தது. அதனோடு சிந்தனைக்கும் மனச்சான்றுக்கும் சமயத்துக்கும் உரிய சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்தது. நம்பாதவனின் உரிமையும் அச்சுதந்திரத்துள் அடங்கும்.

தோட்டங்களில் மாரியம்மன் இன்றும் வீற்றிருக்கிறாள். மரத்தடிக் கல் பல இடங்களில் கோபுரமாய் உயர்ந்துள்ளது. ஆட்டுப் பலி பல கோயில்களில் நின்றது. அதனை நிறுத்தியது நாத்திகம் மட்டுமன்று, ஆகம முறையைத் தழுவிய அடியார்களின் விருப்பமுந்தான். எனவே நாத்திகம் கோயிலை வென்றதென்றோ, கோயில் நாத்திகத்தை விரட்டியதென்றோ கூறுதல் பொருந்தாது. கோயில் அம்மக்களுக்கு ஒரு முகவரி தந்தது; அவ்வாசலில் நிற்கும் உரிமை எல்லோர்க்கும் ஒன்றா என்று கேட்கும் துணிவைப் பகுத்தறிவு தந்தது. அத்துணிவை இழந்த பக்தி மீண்டும் கங்காணியின் கைக்கருவியாகும். மாரியம்மன் முன் நின்றவனின் தனிமையை உணராத பகுத்தறிவோ, அவன் காதில் விழாமலே போகும். நம்புவோர்க்கும் மறுப்போர்க்கும் கேகாலைக் குன்றுகளின் வரலாறு வைக்கும் உரைகல் ஒன்றே: அவர்தம் கொள்கையால் கடைசி லயத்தில் வாழும் மனிதன் ஓரடியேனும் நிமிர்ந்தானா என்பதே அது.