காலுறைகளைத் துவைத்துப் பராமரிப்பது எப்படி? பாதம் காக்கும் எளிய வழிகள்

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில்தான் பெருமளவில் நெய்யப்படுகிறது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதற்குப் பிறகு பஞ்சும் நூலும் இந்த வட்டாரத்தின் வாழ்வாகிவிட்டன. துணியைப் பற்றி இவ்வளவு தெரிந்த நம் வீடுகளில், கவனிப்பே இல்லாத துணி ஒன்று உண்டு. அது காலில் போடும் சாக்ஸ்.

சட்டையை ஒரு நாளில் மாற்றுகிறோம். சாக்ஸை மட்டும் "நேற்றுத்தானே போட்டோம்" என்று மறுநாளும் மாட்டிக்கொள்கிறோம். பள்ளிப் பிள்ளைகள், மில் சூப்பர்வைசர்கள், காவலாளிகள், கடை விற்பனையாளர்கள் எனப் பலர் நாளில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஷூவுக்குள் காலை அடைத்து வைத்திருக்கிறார்கள். வெறும் துர்நாற்றத்தோடு இது முடிந்தால் பரவாயில்லை. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், விரலிடுக்கில் வரும் ஒரு சிறு வெடிப்பு காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ஷூவுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வியர்வைக்கு என்று தனி நாற்றம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையிலும் இறந்த தோல் செதில்களிலும் உள்ள பொருட்களைச் சிதைக்கின்றன. அப்போது உண்டாகும் ஐசோவலரிக் அமிலம் போன்றவைதான் அந்த வாடைக்குக் காரணம்.

ஈரம் நீடித்தால் மூன்று வகைத் தொல்லைகள் வரலாம்.

- சேற்றுப்புண்: பூஞ்சையால் வருவது. பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் விரல்களின் இடுக்கில் தொடங்கும். தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, அரிக்கும்.
- குழிப்பாதம்: பாக்டீரியாவால் வருவது. குதிகாலிலும் முன்பாதத்திலும் ஊசியால் குத்தியது போலச் சிறு குழிகள் தெரியும். நாற்றம் கடுமையாக இருக்கும்.
- நகப்பூஞ்சை: நகம் மஞ்சளாகித் தடித்து, பொடிப்பொடியாக உதிரும். குணமாக மாதக்கணக்கில் ஆகும்.

பூஞ்சை உதிர்ந்த தோல் செதில்களோடு சாக்ஸின் இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. காலுக்கு மருந்து போட்டுவிட்டு அதே சாக்ஸை மறுபடி மாட்டினால், குணமான காலுக்கு நோயை நாமே திருப்பிக் கொடுத்ததாகிவிடும். "மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது" என்று சொல்பவர்கள் முதலில் தங்கள் சாக்ஸையும் ஷூவையும் பார்க்க வேண்டும்.

துவைக்கும் முறை

1. ஒரு முறை போட்ட சாக்ஸைத் துவைக்காமல் மறுபடி போடாதீர்கள். அதிகம் வியர்ப்பவர்கள் மதியமே ஒரு முறை மாற்றிக்கொள்வது நல்லது.

2. கழற்றியதும் சுருட்டி ஷூவுக்குள் திணிக்காதீர்கள். உடனே துவைக்க முடியாவிட்டால் கொடியில் விரித்துப் போடுங்கள்.

3. உட்புறத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். செதிலும் வியர்வையும் இருப்பது உட்புறத்தில்தான்.

4. சோப்புத் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறினால் போதும். இரவெல்லாம் ஊறவைத்தால் அழுக்குத் தண்ணீரிலேயே கிடந்து வாடைதான் கூடும்.

5. நுரை போகும் வரை நன்றாக அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு சரியாகக் கரையாமல் இழைகளில் படியும். சாக்ஸ் விறைத்துப்போவதற்கும், சிலருக்குக் காலில் அரிப்பு வருவதற்கும் இது ஒரு காரணம். இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவது நல்லது.

6. முறுக்கிப் பிழியாதீர்கள். எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும். கைக்குள் வைத்து அழுத்தி நீரை வடியுங்கள்.

வாசனைக்காகச் சேர்க்கும் ஃபேப்ரிக் கண்டிஷனரை சாக்ஸுக்குத் தவிர்க்கலாம். இதன் காரணம் பேண்டேஜ் துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியும். தறியிலிருந்து வரும் கோராத் துணி தண்ணீரை உடனே உறிஞ்சாது. பருத்தியின் இயற்கையான மெழுகு அதில் இருப்பதே காரணம். காரம் சேர்த்துக் கொதிக்க வைத்து அந்த மெழுகை நீக்கிய பிறகுதான் அது இரத்தத்தையும் சீழையும் உறிஞ்சும் மருத்துவத் துணியாகிறது. கண்டிஷனர் சாக்ஸின் இழை மீது மறுபடியும் ஒரு பூச்சைப் பூசுகிறது. சாக்ஸ் மிருதுவாக இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சும் திறன் குறையும்.

பூஞ்சை வந்துவிட்டால்

சாதாரண நாட்களில் குழாய்த் தண்ணீரும் சோப்பும் வெயிலும் போதும். வீட்டில் ஒருவருக்குச் சேற்றுப்புண் இருந்தால் அது போதாது. 40 டிகிரி சூட்டில் துவைத்த துணியில் பூஞ்சை பிழைத்துக்கொள்வதையும், 60 டிகிரியில் அழிவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

வாஷிங் மெஷினில் 60 டிகிரி வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் வாளியில் முதலில் ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் ஒன்றரை சொம்பு கொதிநீர் விடுங்கள். சூடு சுமார் 70 டிகிரிக்கு வந்து மெல்ல இறங்கும். சோப்புத் தூளும் சாக்ஸும் போட்டு, மூடி, அரை மணி நேரம் வையுங்கள். கையை விடாமல் குச்சியால் கிளறுங்கள். சிறு பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

ப்ளீச்சிங் திரவம் வெள்ளைப் பருத்தி சாக்ஸுக்கு மட்டுமே ஏற்றது. அதோடு வினிகரையோ கழிவறை கழுவும் ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

நோயுள்ளவரின் சாக்ஸை மற்றவர்களின் உள்ளாடை, துண்டுகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். சேற்றுப்புண் உள்ளவர் உடை மாற்றும்போது முதலில் சாக்ஸைப் போட்டுக்கொண்டு பிறகு உள்ளாடை அணிவது நல்லது. காலில் இருக்கும் பூஞ்சை உள்ளாடையில் பட்டுத் தொடையிடுக்குக்கு ஏறுவதை இந்தச் சிறு பழக்கம் தடுக்கும்.

உலர்த்துவதே முக்கியம்

சோப்பு செய்வது பாதி வேலைதான். மீதியைச் செய்வது வெயில். திருப்பிப் போட்ட நிலையிலேயே, விரல் பகுதியில் கிளிப் மாட்டி, நேரடி வெயிலில் தொங்கவிடுங்கள். நம் ஊர் வெயில் இதற்கு இலவசமாகக் கிடைத்த மருந்து. தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் விரல் முனையிலும் குதிகாலிலும் ஈரம் தங்கியிருக்கும். அங்கே அழுத்திப் பார்த்த பிறகே மடியுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் சிக்கல். அரைகுறையாகக் காய்ந்த சாக்ஸோடு பிள்ளைகள் பள்ளிக்குப் போவது அப்போதுதான். ஒருவருக்குக் குறைந்தது நான்கைந்து ஜோடி வைத்துக்கொண்டால் இந்த நிலை வராது. துவைத்ததை உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தினால் பாதி நீர் போய்விடும். பிறகு மின்விசிறிக்குக் கீழே போடலாம். ஷூவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய வேண்டும். உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒளுவும் ஈரக் காலும்

ஐந்து வேளை ஒளு செய்பவர்களின் பாதம் நாளில் பல முறை சுத்தமாகிறது. விரலிடுக்குகளைக் கோதிக் கழுவும் பழக்கமும் நமக்கு உண்டு. ஆனால் லுஹர் தொழுகைக்குக் கடையிலிருந்து ஓடி வந்து, ஒளு செய்து, தொழுது முடித்து, ஈரம் காயாத காலோடு சாக்ஸை மாட்டிக்கொண்டு திரும்பினால் அந்த ஈரம் மாலை வரை உள்ளேயே இருக்கும். சட்டைப் பையில் ஒரு சிறு கைக்குட்டையைத் தனியாக வைத்துக்கொண்டு விரலிடுக்குகளைத் துடையுங்கள். பள்ளிவாசலில் தொங்கும் பொதுத் துண்டைக் காலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

தோலுறை அணிந்து மஸஹ் செய்யும் சலுகை ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. அது சலுகைதானே தவிர, கழற்றவே கூடாது என்பதல்ல. கால் வியர்த்திருந்தால் கழற்றி உலரவிட்டு, மறுபடி கால் கழுவி ஒளு செய்து அணியலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். நீண்ட நாள் சர்க்கரை பாதத்தின் உணர்வு நரம்புகளைக் கெடுக்கிறது. சாக்ஸின் மடிப்பு உரசினாலும், ஷூவுக்குள் கல் இருந்தாலும் தெரியாது. சேற்றுப்புண் வெடிப்பின் வழியே கிருமி நுழைந்தாலும் வலிக்காது. வலிக்காததால் பார்ப்பதில்லை. பார்க்கும்போது புண் ஆழமாகிவிட்டிருக்கும். இவர்கள் கவனிக்க வேண்டியவை:

- வெள்ளை அல்லது வெளிர் நிற சாக்ஸ் அணியுங்கள். இரத்தமோ சீழோ கசிந்தால் கறை உடனே தெரியும்.
- விரல் பக்கத் தையல் தடிப்பில்லாததாகவும், கணுக்காலில் தடம் பதிக்காத தளர்வான எலாஸ்டிக் உள்ளதாகவும் வாங்குங்கள்.
- ஓட்டை விழுந்ததையும், தைத்து ஒட்டுப்போட்டதையும் போடாதீர்கள்.
- இரவில் சாக்ஸைக் கழற்றியதும் அதன் உட்புறத்தையும், பிறகு பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்கு இதைப் பிள்ளைகள் செய்து கொடுக்க வேண்டும்.

புண், சீழ், கறுப்பு, மேலே ஏறும் சிவப்பு, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் தொடங்கப்பட்டது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்க 'பாதம் பாதுகாப்போம்' என்ற தமிழக அரசுத் திட்டமும் இருக்கிறது. புண் வரும் வரை காத்திருக்காமல் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கடையில் களிம்பு கேட்காதீர்கள்

அரிப்பு என்றதும் மருந்துக்கடையில் பலர் வாங்குவது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை அடங்காது, ஓசையில்லாமல் பரவும். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத படைநோய் நாடெங்கும் பெருகியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் ஆணையிட்டது. மருத்துவர் தரும் மருந்தை, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் வரை போடுங்கள்.

இன்று இரவு வீட்டில் இருக்கும் சாக்ஸ்களை எல்லாம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஓட்டை விழுந்ததை ஒதுக்குங்கள். மீதியைத் திருப்பித் துவைத்து நாளைக் காலை வெயிலில் போடுங்கள். அது காயும் நேரத்தில், வீட்டுப் பெரியவரின் பாதத்தையும் ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள்.