கூட்ஸ் வண்டியைப் படம் எடுக்கலாமா? வேகன் மேல் எழுதியிருப்பது என்ன?

பிகாரில் உள்ள ஜமால்பூர் ஒரு சின்ன நகரம். ஆனால், கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி 1862 பிப்ரவரி 8-ம் தேதி அங்கே தொடங்கிய பணிமனை இன்றும் இயங்குகிறது. அங்கு தயாரான முதல் நீராவி இன்ஜின் 'லேடி கர்சன்', 1899-ல் வெளிவந்தது. இப்போது முக்கியமான வேலை, வேகன்களைப் பழுதுபார்ப்பதும் கிரேன் தயாரிப்பதும்தான். ஊரை ஒட்டிய குன்றில் 150 வருடங்களுக்கு மேல் பழமையான சுரங்கம் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கமும் வந்துவிட்டது.

ரயிலைப் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு இப்படியான ஊர்கள்தான் பிடிக்கும். பயணிகள் ரயில் என்றால் ஆப்பைப் பார்த்து நேரத்துக்குப் போய் நிற்கலாம். கூட்ஸ் வண்டிக்குப் பொதுவாக அப்படிக் கால அட்டவணை கிடையாது. சிக்னல் பச்சைக்கு மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் சரக்கு ரயில்களைப் படம் எடுப்பவர்களில் சிலர் தேடுவது, அவற்றின் மேல் ஸ்ப்ரே பெயிண்டில் வரையப்படும் கிராஃபிட்டியை. இங்கே அது அபூர்வம். 2022-ல் கொச்சி மெட்ரோ, அகமதாபாத் மெட்ரோ பெட்டிகளில் யாரோ வரைந்தது பெரிய செய்தியானது. அகமதாபாத்தில் இத்தாலியர்கள் நான்கு பேர் கைதும் ஆனார்கள். நம் வேகன்களில் இருப்பது வேறு வகை எழுத்து. வெள்ளை பெயிண்டில் அச்சிட்ட எண்கள், அவற்றுக்குப் பக்கத்தில் பரிசோதிக்கும் ஊழியர்கள் சாக்பீஸில் கிறுக்கும் குறிப்புகள்.

அந்த எண்ணை ஒரு டேட்டாசெட் மாதிரியே படிக்கலாம். மொத்தம் 11 இலக்கங்கள். முதல் இரண்டு வேகனின் வகை: 10 முதல் 19 வரை திறந்த வேகன், 30-களில் மூடிய வேகன், 40-களில் டேங்கர். அடுத்த இரண்டு, எந்த ரயில்வே மண்டலத்துக்குச் சொந்தம் என்பது. 02 கிழக்கு ரயில்வே, 06 தெற்கு ரயில்வே. பிறகு தயாரிப்பு ஆண்டு, நான்கு இலக்க வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு.

உதாரணத்துக்கு 10060912342 என்று வைத்துக்கொள்வோம். 2009-ல் தயாரான, தெற்கு ரயில்வேக்குச் சொந்தமான திறந்த வேகன். முதல் பத்து இலக்கங்களில் இரட்டை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 21, அதன் மூன்று மடங்கு 63. ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகை 5. மொத்தம் 68. அடுத்த பத்தின் மடங்கான 70-ஐ எட்ட 2 தேவை, அதுதான் கடைசி இலக்கம். படத்தில் ஓர் எண் மங்கலாக விழுந்திருந்தாலும் இப்படிக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம் (எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஆர்வம் வந்ததே இதனால்தான்). தெற்கு ரயில்வே வேகனை ஜமால்பூரில் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வேகன்கள் நாடு முழுக்கச் சுற்றும். எண்ணுக்கு அருகிலேயே, கடைசியாக எந்தப் பணிமனையில், எப்போது பராமரிப்பு நடந்தது என்பதும் சுருக்கெழுத்தில் இருக்கும்.

பழைய தடயங்களுக்கு நிலையத்தைச் சுற்றி நடந்தாலே போதும். வேலிக் கம்பங்களாக, கூரைத் தூண்களாக நிற்பவை பல ஊர்களில் பழைய தண்டவாளங்கள்தான். துருவைத் தாண்டி உற்றுப் பார்த்தால் பிரிட்டிஷ் உருக்காலையின் பெயரும் ஆண்டும் புடைத்துத் தெரியும். இவை ரொம்ப நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2020-21-ல் மட்டும் ரயில்வே ரூ.4,573 கோடிக்குப் பழைய இரும்பை விற்றிருக்கிறது. கைகாட்டி சிக்னல்கள், மீட்டர்கேஜ் தளவாடங்கள் எல்லாம் பெரும்பாலும் போய்விட்டன. எந்த நிலையத்தில் என்ன இருந்தது என்பதற்குப் பல இடங்களில் யாரோ ஒருவர் எடுத்த படம்தான் மிச்சம்.

சரி, எடுத்தால் சிக்கல் வருமா? பிளாட்பாரத்தில் நின்று சொந்த உபயோகத்துக்குப் படம் எடுப்பது பொதுவாகப் பிரச்னை இல்லை. டிக்கெட்டோ பிளாட்பார டிக்கெட்டோ கையில் இருக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு என்றால் ரயில்வேயின் முன் அனுமதி தேவை. பணிமனை, யார்டு, சுரங்க வாசல் பக்கம் அனுமதியில்லாமல் போவது அத்துமீறல்: ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். தடை செய்யப்பட்ட இடம் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அலுவல் ரகசியச் சட்டமும் பாயலாம். நடைமுறையில், விதி உங்கள் பக்கம் இருந்தாலும் ரயில்வே போலீஸ்காரர் 'எடுக்காதே' என்று சொல்லக்கூடும். அங்கே வாதம் பண்ணாமல் அடையாள அட்டையைக் காட்டி, படங்களையும் காட்டிவிடுவது நல்லது.

சட்டத்தைவிட ஆபத்தானது தலைக்கு மேலே இருக்கும் கம்பி. அதில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொட வேண்டாம், நெருங்கினாலே பாயும். நடைமேம்பாலத்தில் இருந்து செல்ஃபி ஸ்டிக்கை வெளியே நீட்டாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் வேகன் மேல் ஏறவே ஏறாதீர்கள்.